தலைமாட்டில் நின்றவர்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடி, இருபது மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் அவருக்குத்தான் போன் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக் கத்திக்கொண்டிருப்பார்கள். இவர் வெளியே நின்று, "பயப்படாதீங்க, உள்ள காத்து வரும், ஒரு அஞ்சு நிமிஷம்" என்பார். அந்த ஐந்து நிமிஷம் சில நேரம் முக்கால் மணி நேரம் ஆகும். ஆனாலும் வெளியே வந்தவர்கள் யாரும் அவரைத் திட்டியதில்லை. குரலிலேயே அவ்வளவு நிதானம். வீட்டிலும் அப்படித்தான். இருபது வருஷத்தில் என்னிடம் அவர் குரலை உயர்த்திய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதி, ஜலதோஷத்தில் எனக்குக் காது அடைத்துப்போயிருந்த நாட்கள்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. விடிந்தும் விடியாமலும் ஐந்தரைக்கு ஜிம்முக்குப் போய்விடுவார். நாற்பத்தாறு வயதில், பெஞ்சில் மல்லாந்து படுத்து நூற்றுப்பத்து கிலோவை நெஞ்சு வரை இறக்கி மறுபடி ஏற்றுவார். அந்த ஜிம்மில் இருபத்தைந்து வயதுப் பையன்களுக்கே அது மூச்சு வாங்கும் எடை.

அவர் தனியாகப் போகவில்லை. கூட ஒருவர் உண்டு. அவருடைய தங்கையின் கணவர். அவர்களுக்குக் கல்யாணமான முதல் மாதமே, "மச்சான், லிஃப்டைத் தூக்கித் தூக்கி உங்களுக்குத் தொப்பை இறங்கலையே, ஒரு வாரம் என்கூட வந்து பாருங்க, பிடிக்கலைன்னா என்னைத் திட்டுங்க" என்று இழுத்துக்கொண்டு போனவர். அந்த ஒரு வாரம் பதினான்கு வருஷம் ஆயிற்று. இவருக்கு அவர் 'மாப்ள'. அவருக்கு இவர் 'மச்சான்'. எனக்கு முறைப்படி அவர் அண்ணன். நான் வாய் நிறைய 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவேன்.

மாப்பிள்ளைக்குத் தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஸ்டியரிங்கைப் பார்த்தாலே கை நடுங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். கால் அதன் மேல் இருக்க வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது. ஜிம்மிலும் அவர் செய்தது அதேதான். பெஞ்சில் படுத்திருப்பவர் பாரம் தாங்காமல் கையை விட்டால் ராடு கழுத்தில் விழும். அதனால் பெரிய எடை தூக்கும்போது தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும். சப்போர்ட் என்பார்கள். ராடுக்கு அடியில் இரண்டு கையையும் ஏந்தியபடி, தொடாமல், கண்ணை எடுக்காமல்.

ஒருமுறை சாவி கொடுக்கப் போனபோது நானே பார்த்தேன். இவர் முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. ராடு பாதி உயரத்தில் அப்படியே நிற்கிறது. மாப்பிள்ளை மட்டும் காரில் பக்கத்து சீட்டில் இருப்பதுபோல் மெதுவாக, "ஏறுது மச்சான்... ஏறுது... ஏறுது..." என்றார். ஏறிவிட்டது. "ஏறிடுச்சு!" என்று இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், என் நாத்தனார் இரண்டு பைகளோடும் பதினொரு வயது மகளோடும் எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். வேலை உடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். மகளை உள்ளே அனுப்பிவிட்டுச் சொன்னாள்.

"அண்ணா, அவருக்கு வேற ஒருத்தி இருக்கா. கார் கத்துக்க வந்தவ. ரெண்டு வருஷமா."

என் கணவர் உடனே போன் போட்டார். மாப்பிள்ளை மறுக்கவில்லை. "மச்சான், நான் பண்ணது தப்புதான். ஆனா இனிமே என்னால அந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது" என்றார். இவர், "இனிமே என்னை மச்சான்னு கூப்பிடாத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்றிரவு தங்கை சொன்ன எதையும்விட அந்த 'ரெண்டு வருஷம்' அவரைப் போட்டு அறுத்தது என்று எனக்குத் தெரியும். படுக்கையில் கூரையைப் பார்த்தபடி, "ரெண்டு வருஷமா தினம் காலைல என் தலைக்கு மேல நின்னுட்டிருந்தான். நான் கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

திங்கட்கிழமை ஜிம்முக்குப் போனார். முகத்துக்கு முகம் பார்க்க நேரும் என்று நினைத்துத்தான் போனார். ஜிம் முதலாளியை எல்லோரும் 'பூட்டு' என்று கூப்பிடுவார்கள். ஒருமுறை ஆள் உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே பூட்டிவிட்டுப் போனதால் வந்த பெயர். அந்தப் பூட்டு இவரை ஓரமாகக் கூப்பிட்டு, "அவர் நேத்தே வந்து லாக்கரைக் காலி பண்ணிட்டாருங்க. 'அவர் இங்கயே வரட்டும், நான் வேற இடம் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டுப் போயிட்டார்" என்றார்.

அன்று இவர் நூற்றுப்பதினைந்து போட்டார். அதுவரை அந்த எடையைத் தொட்டதே இல்லை. யாரோ ஒருவரைத் தலைமாட்டில் நிறுத்திக்கொண்டு மூன்று முறை ஏற்றினார். வீட்டுக்கு வந்தபோது கண் இரண்டும் பளபளவென்று இருந்தன. "பாத்தியா, அவன் இல்லாமலே ஏறுது" என்றார். எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. காய்ச்சல் ஏறுவதற்கு முன்னால் பிள்ளைகள் ஓடி ஆடும் பாருங்கள், அப்படி இருந்தது அது.

மூன்று வாரம் கோபம் அவருக்குக் கை கொடுத்தது. ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது. உடம்பைச் சூடேற்ற முதலில் சின்ன எடை தூக்க வேண்டும் என்பதையெல்லாம் காற்றில் விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு போனார், பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். நான்காவது வாரம் வலது தோளில் சுளீர் என்று பிடித்துக்கொண்டது. டாக்டர் ஒரு மாதம் எதையும் தூக்கக் கூடாது என்றார்.

அந்த ஒரு மாதத்தில் கோபம் வடிந்துவிட்டது. அதற்கு அடியில் இருந்தது மேலே வந்தது.

தோள் ஆறியதும் திரும்பிப் போனார். எண்பது கிலோ ஏறவில்லை. வேலைக் களைப்பு என்றார். அடுத்த வாரம் எழுபது ஏறவில்லை. தூக்கம் போதவில்லை என்றார். டாக்டரிடம் போனோம். தோளைப் படம் எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். "உங்க வயசுக்கு இப்படி ஒரு உடம்பு கிடைக்கறது அபூர்வம். ஒரு குறையும் இல்லை" என்றார் டாக்டர். வெளியே வந்து மாத்திரைகூட இல்லாத அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஏதாவது ஒண்ணு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

வீட்டில் நாத்தனாருக்கு, வெளியூரில் படிக்கும் எங்கள் பையனின் அறையைக் கொடுத்திருந்தோம். அவள் அழுதாள், நாங்கள் தேற்றினோம். உறவுக்காரர்கள் போன் செய்து தேற்றினார்கள். பல் டாக்டர் கூட இரண்டு நாள் லீவு கொடுத்துத் தேற்றினார். சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு தானாக மாப்பிள்ளையிடம் போய் நிற்கும். அவள் திட்டுவாள், நான் திட்டுவேன், இவரும் திட்டுவார். திட்டிவிட்டுத் தட்டைப் பாதியில் வைத்து எழுந்துவிடுவார். தங்கைக்காக அண்ணன் கொதிக்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

ஒருநாள் காலை குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரை வீணாக்குகிறாரே என்று தட்டப் போனேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல். "ஏறுது மச்சான்... ஏறுது... ஏறிடுச்சு!" போனில் பழைய வீடியோக்கள். அவர் எடை தூக்குவதைப் பதினான்கு வருஷமாகப் பூட்டோ யாரோ எடுத்தவை. எல்லாவற்றிலும் மேலே அந்த இரண்டு கைகள் இருக்கும், அந்தக் குரல் இருக்கும். நான் தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அவர் வேலைக்குக் கிளம்பும்போது செருப்புப் போடும் இடத்தில் வைத்து மெதுவாகக் கேட்டேன். "என்னங்க, அண்ணாவை நினைச்சு அழறீங்களா?"

அவர் உள் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அவ இருக்கிற வீட்டுல, அவனுக்காக நான் எப்படி அழறது?" என்றார்.

கணவனை இழந்தவளைக் கேட்க நூறு பேர் இருந்தார்கள். மாப்பிள்ளையை இழந்தவரை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது. சொன்னால் துரோகிக்காக ஏங்குகிறான் என்றாகிவிடும்.

அதற்குப் பத்து நாள் கழித்துப் பூட்டிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "அக்கா, பயப்படாதீங்க. ஒண்ணும் இல்ல. ஆனா கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

அறுபது கிலோ. முன்பெல்லாம் உடம்பைச் சூடேற்ற மட்டும் அவர் தொடும் எடை. நெஞ்சில் இறங்கிய ராடு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. யாரையும் கூப்பிடாமல் ஒரு பக்கமாகச் சாய்த்திருக்கிறார். எடைப் பிளேட்டுகள் கழன்று தரையில் விழுந்த சத்தத்தில் ஜிம்மே ஓடி வந்திருக்கிறது. நான் போனபோது கண்ணாடிச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

"கூப்பிட்டிருக்கலாமே. இத்தனை பேர் இருக்காங்களே" என்றேன்.

"கையில பலம் இருந்துச்சு" என்றார். "பாதி வழில நின்னுச்சு. அப்போ அவன் குரல் வரும்னு காத்துட்டிருந்தேன். அது வரல. அப்புறம் கை தானா விட்டுடுச்சு."

பூட்டு ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார். "மாடிப்படி ஏறி வர்ற சத்தத்துலயே எனக்குத் தெரியும் அக்கா, யார் வீட்ல சண்டை போட்டுட்டு வர்றான், யாருக்கு இன்னிக்கு நல்ல சேதி வந்திருக்குன்னு. தோள் சரியாகித் திரும்பி வந்ததுலேர்ந்து இவர் படி ஏறுற சத்தமே கேக்க மாட்டேங்குது."

மறுநாள் நானே கூடப் போனேன். வேலை ஒன்றும் எனக்குக் குறைச்சல் இல்லை, ஆனாலும் போனேன். தலைமாட்டில் போய்க் கையை ஏந்தி நின்றேன். "நீ பிடிச்சா நம்ம ரெண்டு பேரையும் யாராவது சேத்துத் தூக்கணும்" என்றார். வெறும் நாற்பது கிலோ போட்டுக்கொண்டார். ராடு இறங்கியது. நான், "ஏறுது, ஏறுது, ஏறுது" என்றேன். எனக்கே என் குரல் பஸ் கண்டக்டர் குரல் மாதிரி கேட்டது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் ராடைப் பிடித்து மாட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். கண்ணோரம் இரண்டு பக்கமும் நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. சிரிப்பு எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளையோடு பேச்சு நின்று நான்கு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு வர வேண்டியவர் ஒன்பதரைக்கு வந்தார். படியேறும்போதே விசில் சத்தம். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நூறு ஏறிச்சு" என்றார்.

யார் நின்றது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. அவராகவே தாழ்ந்த குரலில் சொன்னார். ஊரின் அந்தக் கோடியில் ஒரு ஜிம். போய் நின்று, "உன்னை மன்னிக்கல. சப்போர்ட் மட்டும் குடு" என்றாராம். மாப்பிள்ளை தலையாட்டினாராம். இரண்டு பேரும் வேறு எதுவும் பேசவில்லையாம். "ஏறுதுன்னு சொன்னான். மச்சான்னு சொல்லல. நான்தான் கூப்பிடாதேன்னு சொல்லியிருந்தேனே."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அன்று அவர் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார். நான்கு மாதமாக அந்தக் குறட்டையை நான் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனார். மூன்றாவது வாரம் நூற்றைந்து. தோளில் வலி இல்லை. உடம்பு அதே உடம்புதான். நாலு மாதமாக அதில் எதுவும் குறைந்திருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நாத்தனாரின் மகள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் பார்க்கப் போய்வருவாள். அந்த வாரமும் போய் வந்தாள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சும்மா பேச்சுக்குச் சொன்னாள். "மாமா, உங்க ஜிம் கிளவுஸ் அப்பா கார்ல கெடக்குது. நான் எடுத்துட்டு வரட்டுமான்னு கேட்டேன், வேணாம்னு சொல்லிட்டார்."

நாத்தனார் கையைத் தட்டின் மேல் வைத்தபடி அண்ணனைப் பார்த்தாள். "நீ அங்க போறியா அண்ணா?"

"எடை தூக்க மட்டும்தான்மா. பேசறதுகூட இல்ல."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம்."

மகளை உள்ளே போகச் சொன்னாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருஷம் அவர் ஞாயித்துக்கிழமை எங்க போறார்னு எங்கிட்ட சொல்லல. மூணு வாரமா நீயும் சொல்லல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, உங்களுக்குத் தெரியும் இல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்குன்னு ஒரு வீடு இருக்குன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

என் கணவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நூற்றைந்து கிலோ அப்போது அவர் நெஞ்சில் இறங்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எழுந்து தங்கையின் அறை வாசலில் போய் நின்று, "இனிமே போக மாட்டேன்மா" என்றார். இரண்டு நாள் அவள் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை.

போனில் சொல்வது மரியாதை இல்லை என்று அடுத்த ஞாயிறு கடைசியாக ஒருமுறை போனார். ஜிம்முக்குள் போகவில்லை. வண்டி நிறுத்தும் இடத்திலேயே நின்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை கிளவுஸை எடுத்துக் கொடுத்திருக்கிறார். "சரி மச்சா..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி, "சரிங்க" என்றாராம்.

அந்த 'சரிங்க'வை என் கணவர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். பதினான்கு வருஷத்தில் மாப்பிள்ளை அவரிடம் அப்படி மூன்றாம் மனிதரிடம் பேசுவதுபோல் பேசியதே இல்லை.

இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை அந்தப் பெண்ணோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். நாத்தனாருக்கும் எங்களுக்கும் இடையே இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. இரண்டு தெரு தள்ளி அவளுக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுத்தோம். பல் டாக்டரிடம் இப்போது அவள்தான் எல்லாம். அவள் சொன்னால்தான் டாக்டரே சாப்பிடப் போவார். சிரிக்கிறாள். மகள் வளர்ந்து அவள் தோளைத் தொட்டுவிட்டாள்.

என் கணவர் இன்னமும் ஐந்தரைக்குப் போகிறார். பெஞ்சில் படுப்பதை விட்டுவிட்டார். உட்கார்ந்தபடி தள்ளும் மெஷின் ஒன்று இருக்கிறது. பாரம் கம்பி வழியே தானாக ஏறி இறங்கும், யாரும் பின்னால் நிற்கத் தேவையில்லை. அறுபத்தைந்தில் வைத்துக்கொள்கிறார். ஏற்றிப் பார்க்கச் சொல்லிப் பூட்டு எத்தனையோ முறை சொல்லிவிட்டார். "போதுங்க" என்கிறார். டாக்டர், இந்த வயதுக்கு இது போதும், நல்லது என்கிறார். டாக்டர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

போன வாரம் நாத்தனாரும் மகளும் சாப்பிட வந்திருந்தார்கள். சமையலறையில் நான் பாத்திரம் கழுவ, அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் இவர் அவள் மகளோடு செஸ் விளையாடிக்கொண்டிருந்தார்.

"அண்ணா இப்பல்லாம் முன்ன மாதிரி தூக்கறதில்ல, இல்ல அண்ணி?"

"வயசாகுதில்லமா" என்றேன்.

அவள் ஒரு தட்டையே வெகுநேரம் துடைத்தாள். பிறகு கூடத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னாள். "எனக்கே சில நாள் இவ அப்பா பேசறதைக் கேக்கணும்போல இருக்கும் அண்ணி. சும்மா, ஏதாவது. அண்ணாகிட்ட சொன்னா மனசு ஒடஞ்சு போயிடுவான். எனக்காகத்தானே அவ்வளவு கோபத்தைச் சுமந்துட்டிருக்கான். அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவள் தட்டை அடுக்கில் வைத்தாள். கூடத்தில் இவர் தோற்றுவிட்டார் போலிருக்கிறது. மகள் கை தட்டிச் சிரித்தாள். நாத்தனார் அடுத்த தட்டுக்காகக் கையை நீட்டினாள். நான் அலசிக் கொடுத்தேன்.